சுரைக்குடுக்கையில் தொடங்கிய இசை

மண்டைதீவுப் புனித பேதுருவானவர் ஆலயத்திலாயினும் உங்கள் சொந்தப் பங்கிலாயினும், பாடகர் குழாம் ஆர்மோனியத்தோடு பாடிப் பழகுவதைக் கேட்டிருப்பீர்கள். அவர்களிடையே வயலினுடன் ஒரு பிள்ளை அமர்ந்திருந்தால், அப்பிள்ளையின் பெற்றோருக்காகவே இதனை எழுதுகிறேன். சாதாரணதரப் பரீட்சை நெருங்கும்போது, "இனிப் பாட்டும் வாத்தியமும் எதற்கு?" என்ற கேள்வி எழாத வீடு நம்மிடையே குறைவு.

யாழ்பாடிப் பரிசிலாகப் பெற்ற மணற்றிடல் என்று கதை சொல்லும் நாட்டவர் நாம். நரம்பிசை நமக்கு அந்நியமன்று. எனினும் செலோவை நம்மிற் பலர் கண்டதில்லை. வயலின் குடும்பத்துப் பெரிய கருவி அது. நான்கு தந்திகள் கொண்டது. அமர்ந்து, முழங்கால்களுக்கிடையே நிறுத்தி, வில்லால் இழைத்து வாசிப்பார்கள். மனிதக் குரலுக்கு, அதிலும் ஆண்குரலுக்கு, மிக அண்மையான நாதம் அதனுடையது.

இக்கருவியில் உலகப் புகழ் பெற்றவர் நம் இலங்கையரான ரொஹான் டி சேரம். 1939இல் இங்கிலாந்தில் பிறந்து, இலங்கையில் வளர்ந்தவர். பதினொரு வயதிலேயே இத்தாலிக்குச் சென்று கஸ்பார் கசாதோவிடம் பயின்றார். பதினாறாம் வயதில் சுக்கியா விருது கிட்டியது. அதன் பயனாக, இளமையில் தாமும் செலோ வாசித்தவரான இசைக்குழு நடத்துநர் ஜோன் பார்பிரோலியிடமும், புவேர்ட்டோ ரிக்கோவில் முதியவர் பாப்லோ கசல்ஸிடமும் கற்றார். 1960இல் நியூயோர்க் பில்ஹார்மோனிக் இசைக்குழுவுடன் கார்னகி மண்டபத்தில் வாசித்தபோது அவருக்கு வயது இருபத்தொன்றுதான்.

அந்தக் கசல்ஸின் வீட்டுக்கதை நம் வீட்டுக்கதை போன்றது. 1876இல் ஸ்பெயின் நாட்டின் வெண்ட்ரெல் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை பங்கு ஆலயத்தின் ஓர்கன் வாசிப்பாளர். மகனும் சிறு வயதிலேயே ஆலயப் பாடகர் குழுவில் பாடினான். மகனுக்காகத் தந்தை சுரைக்குடுக்கை ஒன்றில் தந்தி கட்டிக் கொடுத்தார். (நம் வீணைக்கும் சுரைக்குடம் உண்டல்லவா!) ஆயினும் இசை சோறு போடாது என்றஞ்சிய அதே தந்தை, பையனைத் தச்சுத் தொழிலுக்கு அனுப்பவே எண்ணினார். தாய் இணங்கவில்லை. 1888இல் மகனை பார்சலோனாவுக்கு அழைத்துச் சென்று இசைப்பள்ளியில் சேர்த்தார். அந்தத் தந்தையை நான் குறை கூறேன்; அவரது அச்சம் அன்பின் அச்சம்.

பதின்மூன்றாம் வயதில், பழைய இசைநூற் கடையொன்றில் பாக் இயற்றிய செலோத் தொகுப்புகள் கசல்ஸின் கையில் அகப்பட்டன. அக்காலத்தில் அவற்றை வெறும் பயிற்சிப் பாடங்களாகவே கருதினர். அவரோ ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள் நாள்தோறும் பழகிய பின்னரே அவற்றிலொன்றை மேடையில் வாசிக்கத் துணிந்தார். பரீட்சைப் பெறுபேற்றுக்கு மூன்று மாதம் காத்திருக்கவே தவிக்கும் நமக்கு, பன்னிரண்டு ஆண்டுகள்!

சேரம் பின்னர் 2005 வரை ஆர்டிட்டி நால்வர் குழுவில் வாசித்தார். செலோவோடு கண்டிய மேளத்தையும் அவர் கைவிடவில்லை. இத்தாலிய இசையமைப்பாளர் லூசியானோ பேரியோ 2002இல் அவருக்கென்றே எழுதிய படைப்பில், கை செலோவின் மரவுடலைத் தட்டிக் கண்டிய மேளத்தின் தாளத்தை எழுப்பும். சேரம் 2024இல் காலமானார்.

அடுத்த முறை பாடகர் குழாம் பழகும் மாலையில், பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பின்வரிசை வாங்கில் சற்று அமர்ந்து, அவன் பிழையாக வாசிப்பதையும் கேளுங்கள்.