வறுத்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் கண்ணில் படுவது ஏரிகள்தான், கடல் இல்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மீன் இல்லாமல் இங்கே பல வீடுகளில் பொழுது போகாது. காசிமேட்டில் விடியும் முன்பே ஏலம் போன மீன் நேராகவோ வானகரம் மார்க்கெட் வழியாகவோ நம் தெருவுக்கு வந்து சேர்கிறது. நாலு நாள் லீவு கிடைத்தால் நாமே கடலைத் தேடிக் கிளம்பிவிடுகிறோம். பழவேற்காடு, மாமல்லபுரம், புதுச்சேரி. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் தூத்துக்குடி, கொச்சி, மங்களூர். போன இடத்தில் மீன் ஹோட்டலில் உட்காரும்போது இரண்டு நம்பிக்கைகளும் கூடவே வருகின்றன. "கடல் பக்கத்துலயே இருக்கு, ஃபிரெஷ்ஷாத்தான் இருக்கும்" என்பது ஒன்று. "எண்ணெயில பொரிச்சு எடுத்துட்டா எந்தக் கிருமியும் நிக்காது" என்பது மற்றொன்று.

முதலாவது பாதி உண்மை. விடியற்காலை போய்க் காலையிலேயே திரும்பும் ஃபைபர் படகின் மீன் நிஜமாகவே புதியது. ஆனால் விசைப்படகுகள் பல நாட்கள் கடலில் தங்கிவிட்டு வருபவை. வலையில் முதல் நாள் விழுந்த மீனுக்குக் கரை சேரும்போதே வயது ஆகியிருக்கும். அது தப்பில்லை, அத்தனை நாளும் ஐஸ் குறையாமல் இருந்திருந்தால். ஐஸ் இல்லாமல் போன நேரம் எவ்வளவு என்பதுதான் கேள்வி; கடல் எத்தனை கிலோமீட்டர் என்பது இல்லை. இரண்டாவது நம்பிக்கைதான் ஆளைக் கவிழ்ப்பது.

முகம் சிவந்தால் உடனே அலர்ஜி என்று சொல்லாதீர்கள்

மீன் சாப்பிட்ட அரை மணி, ஒரு மணி நேரத்தில் முகமும் கழுத்தும் சிவந்து சூடாகிறது. தலைவலி, படபடப்பு, உடம்பில் தடிப்பு; சிலருக்கு வாயில் மிளகு கடித்த மாதிரி எரிச்சல், பிறகு வயிற்றுப்போக்கு. "இவனுக்கு மீன் ஒத்துக்கலை" என்று வீட்டில் தீர்ப்பு எழுதி, பாவம், அந்தப் பிள்ளைக்கு ஆயுசுக்கும் மீனை நிறுத்திவிடுவார்கள். உண்மையில் பல நேரங்களில் ஒத்துக்கொள்ளாதது அந்த ஒரு துண்டு மட்டும்தான்.

கானாங்கெளுத்தி, சூரை, மத்தி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இயல்பாகவே அதிகம். மீன் வெயிலில் கிடக்கும்போது பாக்டீரியாக்கள் இதை ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. அலர்ஜி வரும்போது நம் உடம்பே சுரக்கும் அதே ஹிஸ்டமின்தான் இது. இங்கே தட்டிலிருந்து உள்ளே போகிறது. உருவான ஹிஸ்டமினை வறுத்தாலும், குழம்பில் கொதிக்க வைத்தாலும், ஃப்ரீசரில் வைத்தாலும், டப்பாவில் அடைத்தாலும் அழிக்க முடியாது. மீன் கெட்ட வாடை அடிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வஞ்சிரமும் கானாங்கெளுத்தியின் குடும்பம்தான். கிலோ ஆயிரத்துக்கு மேல் கொடுத்து வாங்கினோம் என்பதற்காக அது விதிவிலக்கு ஆகிவிடாது. வவ்வால், கொடுவா, சங்கரா போன்றவற்றில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

பெரும்பாலோருக்கு ஒரு நாளுக்குள் தானாகவே அடங்கிவிடும். மருத்துவர்கள் ஹிஸ்டமினை எதிர்க்கும் மாத்திரை கொடுப்பார்கள். ஒரே மேஜையில் அதே மீனைச் சாப்பிட்ட இரண்டு மூன்று பேருக்கு ஒரே மாதிரி வந்திருந்தால் இதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். மூச்சு இரைத்தாலோ, நாக்கும் உதடும் வீங்கினாலோ, தலை சுற்றி விழுந்தாலோ எதுவென்று ஆராயும் நேரம் அதுவல்ல, 108-ஐக் கூப்பிடுங்கள். நிஜ இறால், நண்டு அலர்ஜி உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இறால் பொரித்த எண்ணெயிலேயே உங்கள் மீனையும் பொரித்தால் அது போதும், உடம்பு பொங்க.

நேற்று வைத்த மீன் குழம்பு பற்றியும் சொல்லிவிட வேண்டும். புளியின் அமிலம் கிருமி வளர்ச்சியைக் கொஞ்சம் தள்ளிப்போடும் என்பது சரிதான். நல்ல மீனில் வைத்து, ஆறியதும் ஃப்ரிட்ஜில் எடுத்துவைத்த வீட்டுக் குழம்பை மறுநாள் கொதிக்க வைத்துச் சாப்பிடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஹோட்டலில் மத்தியானம் அண்டாவில் மிஞ்சி, ராத்திரி பரோட்டாவுக்குச் சூடேறி வரும் குழம்பு வேறு ரகம். சமைத்த உணவு 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், இல்லையென்றால் 5 டிகிரிக்குக் கீழே போயிருக்க வேண்டும். நடுவில் வெதுவெதுப்பாகக் கிடக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கிருமிக்குத்தான் லாபம்.

ஜூன் முதல் இரண்டு வாரம்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் இந்தத் தடை. மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஏப்ரல் பின்பாதியிலும் மே மாதத்திலும் சென்னைத் தட்டில் விழும் பெரிய மீனில் ஒரு பகுதி கேரளா, கர்நாடகப் பக்கமிருந்து கோடை வெயிலில் 600, 700 கிலோமீட்டர் லாரியில் வந்தது. ஜூன் 1 முதல் 14 வரை இரண்டு பக்கமும் தடை. அந்த இரண்டு வாரத்தில் கிடைப்பது சிறு படகுகள் பிடித்தது, குளிர்பதனக் கிடங்கில் இருந்தது, இல்லாவிட்டால் குளத்தில் வளர்த்தது.

கோடை விடுமுறையில்தான் நாம் அதிகம் ஊர் சுற்றுகிறோம் என்பது ஒரு வேடிக்கை. மெனு கார்டில் வருஷம் முழுக்க ஒரே மீன்கள் அச்சாகியிருக்கும். கடலுக்கு அப்படி ஒரு மெனு கிடையாது. "வஞ்சிரம் இருக்கா?" என்று கேட்டால் எப்போதும் "இருக்கு சார்" என்றுதான் பதில் வரும். "இன்னிக்குக் காலைல என்னண்ணே வந்துது?" என்று கேட்டுப் பாருங்கள். பரிமாறுபவர் யோசித்து நெத்திலி, சங்கரா, பாறை என்று இரண்டு மூன்றை மட்டும் சொன்னால் நம்பலாம். "எல்லாமே வந்துது" என்றால் தயிர் சாதம் நல்லது.

ஃப்ரீசர் மீன் என்றாலே முகம் சுளிக்க வேண்டியதும் இல்லை. பிடித்தவுடன் மைனஸ் 18 டிகிரியில் உறைய வைத்து, அப்படியே வந்து சேர்ந்த மீன், காலை முதல் மேஜையில் ஈ மொய்க்கக் கிடந்த 'ஃபிரெஷ்' மீனைவிடப் பாதுகாப்பானது. மின்சாரம் போய்ப் போய் உருகி, மறுபடி உறைந்த மீன்தான் கெடுதல். முள் இல்லாத 'ஃபிஷ் ஃபிங்கர்' பெரும்பாலும் வளர்ப்பு பாசா மீன். இறாலில் பெரும்பங்கு, 2009-இல் இந்தியாவில் பண்ணை வளர்ப்புக்கு அனுமதி பெற்ற வனாமி. சாப்பிடலாம், கடல் மீன் விலை மட்டும் கொடுக்க வேண்டாம். செம்பரம்பாக்கம் பக்கம் வண்டியை நிறுத்தி ஏரி மீன் வறுவல் சாப்பிடுபவர்கள், கண்ணெதிரே அறுத்துப் பொரிப்பதை மட்டும் வாங்கினால் போதும்.

ஃபார்மலின் பயம்

2018 ஜூன் மாதம் கேரளாவில் 'ஆபரேஷன் சாகர் ராணி' என்ற சோதனையில், வெளிமாநிலங்களிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான கிலோ மீன் ஃபார்மலின் கலந்ததாகச் சோதனைச் சாவடிகளில் பிடிபட்டது. அடுத்த மாதமே கோவா வெளியிலிருந்து வரும் மீனைத் தற்காலிகமாக நிறுத்தியது. சென்னைச் சந்தைகளிலும் அந்தச் சமயத்தில் பீதி கிளம்பி, வியாபாரம் படுத்தது.

பிணவறையில் பயன்படும் இந்த ரசாயனத்தை உணவில் சேர்க்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. இதிலுள்ள ஃபார்மால்டிஹைடை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது. அதே சமயம் சில கடல் மீன்களைக் குளிரில் நீண்ட நாள் வைத்தால் அவற்றின் சதையிலேயே இது சிறிதளவு உருவாவதும் உண்டு. எல்லா நேர்மறைச் சோதனையும் கலப்படத்துக்குச் சாட்சி ஆகாது.

வறுத்து மசாலா பூசி வந்த துண்டில் இதை நாக்கால் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. பச்சை மீனாக வாங்கும்போது மட்டும் கொஞ்சம் பிடி கிடைக்கும்: கண் குழிந்து வெளுத்திருக்கிறது, செவுள் நிறம் செத்திருக்கிறது, ஆனால் சதை மட்டும் விறைப்பாக, ஈ கூட உட்காராமல் இருக்கிறது என்றால் வாங்காதீர்கள். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் ஃபார்மால்டிஹைடுக்கும் அமோனியாவுக்கும் காகிதப் பட்டைச் சோதனைக் கருவி கண்டுபிடித்திருக்கிறது. சில நிமிடத்தில் நிறம் மாறிக் காட்டும். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சந்தையில் அடிக்கடி இதை எடுத்துவந்தால் நம் பயம் பாதியாகும். ஆனால் ஃபார்மலினுக்குப் பயப்படுபவர்களில் பலர் ஐஸ் இல்லாத மீனுக்குப் பயப்படுவதில்லை. அன்றாடம் ஆளைப் படுக்க வைப்பது பின்னதுதான்.

மட்டியும் சிப்பியும்

1981-இல் தமிழ்நாட்டுக் கடலோரத்தில் மட்டி சாப்பிட்டவர்களில் 85 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள், 3 பேர் இறந்தார்கள். 1997 செப்டம்பரில் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் கல்லுமேக்காய் சாப்பிட்டு 7 பேர் இறந்தார்கள். 500-க்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற்றார்கள். கடலில் சில நுண்பாசிகள் திடீரென்று பெருகும்போது, நீரை வடிகட்டித் தின்னும் இந்தச் சிப்பிகளில் நரம்பைத் தாக்கும் நஞ்சு சேர்ந்துவிடுகிறது. சிப்பிக்கு ஒன்றும் ஆகாது. தின்றவருக்கு உதடு மரத்து, கை கால் மரத்து, கடைசியில் மூச்சுத் தசைகள் செயலிழக்கின்றன. இந்த நஞ்சையும் கொதிக்கும் நீர் அழிக்காது.

இப்படிப்பட்ட நிகழ்ச்சி அபூர்வம் என்பதால் மலபார் பக்கம் போகும்போது கல்லுமேக்காயை வெறுக்கச் சொல்லவில்லை. கடல் நீர் நிறம் மாறியிருக்கிறது, மீன் செத்து ஒதுங்குகிறது என்று உள்ளூர்ச் செய்தி வந்தால் அந்த வாரம் சிப்பி வேண்டாம். சாக்கடை கலக்கும் கழிமுகத்தில் எடுத்த மட்டியும் வேண்டாம்.

பச்சைச் சிப்பி, பாதி வெந்த இறால் ஆகியவை தனி. 1950-இல் ஜப்பானின் ஒசாகாவில் 20 பேரைப் பலிகொண்ட உணவு நஞ்சை ஆராய்ந்தபோதுதான் கடல் நீரில் வாழும் ஒரு விப்ரியோ கிருமி அடையாளம் தெரிந்தது. இந்த வகைக் கிருமியிடமிருந்து நெருப்பு நம்மை முழுசாகக் காப்பாற்றும், உள்ளே வரை வெந்திருந்தால். இறால் கண்ணாடி மாதிரித் தெரிந்தால் திருப்பி அனுப்புங்கள். கல்லீரல் நோய், கட்டுப்படாத சர்க்கரை உள்ளவர்கள் பச்சைச் சிப்பியைத் தொடவே கூடாது. அவர்களுக்கு ரத்தத்தில் கிருமி பரவி உயிருக்கே ஆபத்தாகலாம்.

கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்பு மீன்

புறநகர்ச் சாலையோரக் கடைகளிலும் கடற்கரைக் கடைகளிலும் வாசலில் மசாலா தடவிய மீன் அடுக்கியிருக்கும். அடியில் ஐஸ் இருக்கிறதா என்று பாருங்கள். மிளகாய்த்தூளும் உப்பும் எலுமிச்சையும் மீனைக் காப்பாற்றும் என்பது வெறும் நினைப்பு. மசாலா, வாடையைத்தான் மறைக்கும். கண்ணைப் பறிக்கும் சிவப்பு இருந்தால் அது காஷ்மீர் மிளகாய் மட்டுமாக இருக்காது. கபாப்களில் செயற்கை நிறம் சேர்ப்பதைக் கர்நாடகம் 2024 ஜூனில் தடை செய்தபோது அதில் மீனும் இருந்தது.

பச்சை மீனை எடுத்த கையே வெங்காயமும் அரிகிறதா, வறுத்த துண்டு பழைய தட்டுக்கே திரும்புகிறதா என்பதை அடுப்பு வாசலில் இருக்கும் கடையில் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். எண்ணெய் கறுத்து, நுரைத்து, புகைந்தால் தவா மீனை விட்டுவிட்டுக் குழம்பு மீனைக் கேளுங்கள். திரும்பத் திரும்பச் சூடாக்கிய எண்ணெயில் உருவாகும் போலார் கூட்டுப்பொருள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 2018 ஜூலையிலிருந்து இருக்கிறது.

பிள்ளைத்தாய்ச்சிக்கு, பிள்ளை பெற்றவளுக்கு

பால் சுறாப் புட்டு கொடுத்தால் தாய்ப்பால் ஊறும் என்பது நம் வீட்டு வைத்தியம். மற்ற மீனைத் தின்று வாழும் பெரிய மீன்களில் பாதரசம் சேர்கிறது. சுறா அந்த வரிசையில் முன்னால் நிற்கிறது. கருவிலும் கைக்குழந்தையிலும் மூளை நரம்பு வளரும் காலம் அது. குட்டிச் சுறாவில் அளவு குறைவு என்றாலும் தினமும் ஒரு பத்தியமாகக் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு நாள் சாப்பிட்டதற்காகப் பதறவும் வேண்டாம். நெத்திலி, சங்கரா, புதிதாகக் கிடைத்தால் மத்தி என்று வாரம் இரண்டு மூன்று முறை சாப்பிடுவது தாய்க்கும் பிள்ளைக்கும் நல்லது. மீனும் தயிரும் சேர்ந்தால் வெண்குஷ்டம் வரும் என்ற பேச்சுக்கு மருத்துவ ஆதாரம் கிடையாது.

வயிறு கலங்கிவிட்டால்

உடனே போக்கை நிறுத்தும் மாத்திரையைப் போடாதீர்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் கரைத்து அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். அது கிடைக்காத ஊரில் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. மலத்தில் ரத்தம், விடாத வாந்தி, காய்ச்சல், சிறுநீர் குறைவது, வாயோ கை காலோ மரத்துப் போவது, இவற்றில் எது வந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் அவ்வளவு நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

பில்லைக் கிழித்துப் போடாதீர்கள். பார்சல் மிச்சம் இருந்தால் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். கடையில் மாட்டியிருக்கும் 14 இலக்க உரிம எண்ணைப் படம் எடுத்து, தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பலாம். அம்பத்தூர் சென்னை மாவட்ட அதிகாரிகளின் எல்லையில் வரும்; ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்தில். புதுச்சேரியிலோ கேரளத்திலோ சாப்பிட்டது என்றால் இந்தத் துறைக்கு அங்கே அதிகாரம் இல்லை. அங்குள்ள உணவுப் பாதுகாப்புத் துறையிடம்தான் புகார் சொல்ல வேண்டும்.