மலிவு விலைக் கடையிலே

சென்ற மாதத்து முதற் சனிக்கிழமை பிற்பகல், நகரத்து மலிவு விலைக் கடையொன்றிலே கூடையுங் கையுமாக வரிசையில் நின்றேன். எனக்கு முன்னே எழுபது வயது மதிக்கத்தக்க மூதாட்டியார் ஒருவர் நின்றார். அவரது கூடையிலே அரிசி, மைசூர்ப் பருப்பு, சீனி, சவர்க்காரக்கட்டி ஒன்று, சிறியதொரு பால்மாப் பொதி ஆகியன இருந்தன. காசாளராகிய இளம்பெண் ஒவ்வொரு பண்டத்தையும் பொறியின் செவ்வொளிக்குக் காட்ட, அஃது ஒவ்வொரு முறையும் ஒலியெழுப்பித் தொகையைக் கூட்டிக்கொண்டு சென்றது. மூதாட்டியார் சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்துப் பணத்தை எண்ணினார். மீட்டும் ஒருமுறை எண்ணினார்.

"ஆச்சி, 90 ரூபா குறையுது. எதை எடுத்து வைக்கட்டும்?"

"பால்மாவை எடுத்து வை, பிள்ளை. அது எனக்குத்தான்."

பெண் பால்மாவை ஒருபுறம் வைத்தாள். மூதாட்டியார் ஏனையவற்றைப் பையிலிட்டுக்கொண்டு வெளியேறினார். அந்தத் தொண்ணூறு ரூபா என் சட்டைப்பையில் இருந்தது. நாலுபேர் பார்த்திருக்க அதனை நீட்டுதல் அவருக்கு இழுக்காகுமோ என்று எண்ணினேன். எண்ணி முடிப்பதற்குள் அவர் வீதியைக் கடந்துவிட்டார்.

அன்று தொட்டு 'மலிவு' என்னும் சொல் என் மனத்தை விட்டு நீங்கவில்லை. அச்சொல்லை வகுப்பிலே பன்முறை விளக்கியவன் யான். மலிதல் என்பது நிறைதல், மிகுதல் என்னும் பொருளது. பண்டம் மிகுந்தவிடத்து அதன் விலை தாழும். ஆதலின் நிறைவைக் குறித்த சொல்லே நாளடைவில் விலைத் தாழ்வையுங் குறிப்பதாயிற்று என்று மாணவர்க்குக் கூறி வந்தேன். சொல்லாராய்ச்சி அளவில் அவ்விளக்கத்திற் பிழையில்லை. ஆயினும் அன்று அக்கடையிலே பண்டங்கள் தட்டுத் தட்டாக மலிந்து கிடந்தன. விலையும் வெளிக்கடைகளினும் தாழ்ந்தே இருந்தது. அவ்விருவகை மலிவும் ஒருங்கே நின்றவிடத்தும் ஒரு முதியவளுக்குப் பால் கிடைத்திலது. பண்டம் மலிவதும் வாங்குவோர் கையிற் பொருள் மலிவதும் வெவ்வேறு என்பதை அந்த மூதாட்டியாரே எனக்கு உணர்த்தினார்.

மலிவு விலைக் கடை நம் நாட்டுக்குப் புதியதன்று. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 இல், பர்மா யப்பானியர் வசமாகி அங்கிருந்து அரிசி வருதல் நின்றது. அக்காலத்திலே பங்கீட்டு முறை இலங்கையெங்கணும் வேரூன்றிற்று. பங்கீட்டுப் பண்டங்களை மக்களுக்கு வழங்கும் பொருட்டு ஊர்தோறும் கூட்டுறவுப் பண்டகசாலைகள் எழுந்தன. அவற்றுக்குப் பண்டங்களை மொத்தமாகக் கொடுத்துதவக் கூட்டுறவு மொத்த விற்பனை நிலையம் 1943 இல் நிறுவப்பட்டது. சதொச என்று இன்று சிறுவரும் அறிந்த பெயர் அதன் வழிவந்ததே. நம்மவர் தத்தம் ஊர்ப் பண்டகசாலையைச் 'சங்கக்கடை' என்றும் 'கூப்பன் கடை' என்றும் வழங்கினர்.

அரிசி விலை இந்நாட்டிலே வெறும் வாணிகச் செய்தியன்று. 1953 இல் பங்கீட்டரிசியின் விலை கொத்து ஒன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. அதனை எதிர்த்து அவ்வாண்டு ஓகஸ்ட் 12 ஆந் திகதி நாடளாவிய ஹர்த்தால் நிகழ்ந்தது, உயிர்களும் பலியாயின. ஒக்ரோபரிலே பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். அவரே மீண்டும் பிரதமராக இருந்த 1966 இல், இரண்டு கொத்தாக இருந்த பங்கு ஒரு கொத்தாகக் குறைக்கப்பட்டு, அவ்வொரு கொத்தும் இலவசமாக வழங்கப்படலாயிற்று. 1979 இல் உணவு முத்திரைத் திட்டம் வந்தது. பழைய பங்கீட்டு முறை முடிவெய்தியது.

அம்முறையின் இறுதிக் காலத்தை யான் சிறுவனாக இருந்து கண்டேன். அன்னையார் கூப்பன் புத்தகங்களைத் துணிப்பையிலே வைத்துத் தருவார். விடியற்காலையிற் சென்று வரிசை பிடித்தல் என் கடமை. கடை திறப்பதற்கு முன்னரே ஊர்ப்புதினம் யாவும் அவ்வரிசையில் அலசப்பட்டுவிடும். மனேச்சர் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, "யாற்றை மோன் நீ?" என்று கேட்பார். தந்தையார் பெயரைச் சொன்னவுடனே குடும்பத்தில் எத்தனை உயிர், யாருக்குச் சுகமில்லை என்பன அவர் நினைவுக்கு வந்துவிடும். பணங் குறைந்தால் கொப்பியொன்றிற் பெயரெழுதிப் பண்டத்தைக் கொடுத்துவிடுவார். அக்கொப்பி சங்கத்தின் கணக்கன்று. அவருடைய சொந்தக் கொப்பி.

பழமையைப் போற்றுவதிலே உண்மையை மறைத்தல் தகாது. அதே கடையிலே வண்டு மொய்த்த அரிசியும் வாங்கியிருக்கிறோம். அளவை தலைதட்டும்போது விரல் சற்றே உள்ளே புகுந்ததையுங் கண்டிருக்கிறோம். வரிசையில் நின்றவர்க்கு "சீனி முடிஞ்சுது" என்ற விடை கிடைத்த அன்று, பின்கதவு வழியாகச் சீனி சென்றதும் உண்டு. செல்வாக்குடையோர் வரிசையில் நின்றதை யான் கண்டதில்லை. மனேச்சரின் கொப்பியில் எல்லார் பெயரும் ஏறியதுமில்லை. அவர் முகங்கொடுத்தவர் பெயரே ஏறிற்று. பின்னர், 1990 களிலே வடபகுதியிற் பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில், மண்ணெண்ணெய்ப் போத்தலுடன் நின்றவர்களுக்கு இவ்வேற்றத்தாழ்வு எத்துணை வருத்தந் தந்தது என்பதை அனுபவித்தோரே அறிவர்.

இற்றைநாட் கடைக்கு இக்குறைகள் பல இல்லை. நிறை பொதியின்மேலே அச்சிடப்பட்டுள்ளது. விலை எவர்க்கும் ஒன்றே. அதிபருக்கும் கூலியாளுக்கும் வரிசையும் ஒன்றே. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரை நுகத்தடியின் நடுவே நிற்கும் ஆணிக்கு ஒப்பிட்டு, நடுவுநிலை பிறழாதவரெனப் பாராட்டுகின்றது. அவ்வாணியின் நடுவுநிலை இன்று பொறிக்கு வாய்த்திருக்கிறது எனலாம்.

எனினும் பொறியின் நடுவுநிலையை நம்பி நாம் கண்ணை மூடிக்கொள்ளலாகாது. அன்று பருப்புத் தட்டிலே இருவகைப் பொதிகள் இருந்தன. 500 கிராம் பொதியின் விலை 170 ரூபா. அதனருகே 'விசேட விலைக்கழிவு' என்னுஞ் செந்நிறச் சீட்டைத் தாங்கிய 400 கிராம் பொதியின் விலை 148 ரூபா. வந்தவரிற் பெரும்பாலார் செஞ்சீட்டுப் பொதியையே எடுத்தனர். முன்னதில் 100 கிராம் 34 ரூபா. பின்னதில் 37 ரூபா. கழிவு என்று எழுதியிருந்ததே விலை கூடியது! இதிற் பொய் யாதுமில்லை. நிறையும் விலையும் உள்ளவாறே எழுதப்பட்டிருந்தன. அளவை தலைதட்டிய விரல் இப்போது சீட்டெழுதுகிறது என்பதே வேறுபாடு. அந்த விரலைக் கண்டவுடன் அதட்டக்கூடியதாயிருந்தது. இதனைக் காண்பதற்குக் கணக்கு வேண்டும். எங்கள் மாணவர்க்கு விகிதக் கணக்குப் படிப்பிக்கும் ஆசிரியர் ஒரு நாளேனும் அவர்களைக் கடைத்தெருவுக்கு அழைத்துச் செல்வாராயின், அப்பாடம் ஆயுள் முழுவதும் மறவாது.

இத்தகைய மூன்று ரூபாவும் இன்று சிறிய தொகையன்று. 2022 செப்டெம்பரிலே, கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டியது. முந்திய ஆண்டிலே 100 ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறத்தாழ 195 ரூபா கொடுக்க நேர்ந்தது என்பது அதன் பொருள். அதன்பின் அவ்வேகம் தணிந்தது. ஆனால் ஏற்றத்தின் வேகம் தணிதல் வேறு, ஏறிய விலை இறங்குதல் வேறு. ஓய்வூதியத்தையோ பிள்ளைகள் அனுப்பும் பணத்தையோ நம்பியிருக்கும் முதியோர் இவ்வேறுபாட்டைப் பொருளியல் நூலிற் கற்கவேண்டியதில்லை. சேலை முடிச்சிலே கற்கிறார்கள்.

மறு சனிக்கிழமை அக்கடைக்கு மீண்டுஞ் சென்றேன். கூட்டம் குறைந்த வேளை பார்த்து, அதே காசாளப் பெண்ணிடம், "பிள்ளை, சிறு தொகையொன்றை உம்மிடந் தந்து வைக்கிறேன். யாரேனும் முதியவர்க்குப் பத்தோ நூறோ குறைந்தால் அதிலே எடுத்து ஈடுசெய்ய இயலுமா?" என்று வினவினேன்.

அவள் திகைத்தாள். பின்பு, "கணக்கில அப்பிடிப் போட இடமில்லை, ஐயா. பின்னேரம் காசு கூடினாலும் கேள்வி, குறைஞ்சாலும் கேள்வி" என்றாள்.

யான் திரும்ப எத்தனிக்கையில், குரலைத் தாழ்த்தி, "சில வேளை நான் என்ர காசைப் போடுறனான். அண்டைக்கு மாதக் கடைசி முடிஞ்ச கையோட, என்னட்டையும் இருக்கேல்லை" என்றாள்.

எனக்கு நாணமாயிற்று. ஐம்பது வயது கடந்த யான் பணத்தை வைத்துக்கொண்டு இழுக்காகுமோ என்று ஆராய்ந்து நின்றேன். சொற்ப சம்பளம் பெறும் அச்சிறுமி ஆராய்ச்சி யாதுமின்றிச் செய்து வந்திருக்கிறாள். மனேச்சரின் சொந்தக் கொப்பி அழிந்துபோகவில்லை. அஃது அவளது கைப்பையிலே இருக்கிறது.

இங்கிலாந்திலே றொச்டேல் என்னும் ஊரில், 1844 டிசெம்பரில், நெசவாளரும் பிற தொழிலாளருஞ் சேர்ந்து மாவு, சீனி, வெண்ணெய் முதலிய சில பண்டங்களுடன் சிறு கடையொன்றைத் திறந்தனர். கலப்படமின்மை, சரியான நிறை, இலாபத்திலே வாங்குவோர்க்கும் பங்கு என்பன அவர்தம் கொள்கைகள். கூட்டுறவு என்பது அங்ஙனம் விலையைக் குறைப்பதோடு நில்லாது, வாங்குபவரையே கடையின் உடைமையாளராக்கிற்று. தன் கடையிலே தனக்குக் குறைந்த தொகையை எப்படி ஈடுசெய்வது என்று உடைமையாளர் கூடி முடிவுசெய்யலாம். நம் சங்கக்கடைகள் பல இன்றும் இருக்கின்றன. அவற்றின் பொதுக்கூட்டத்துக்கு உறுப்பினரிலே எத்தனைபேர் செல்கிறோம்? யான் சென்று பதினைந்து ஆண்டுகளாகின்றன. இவ்வாண்டுக் கூட்டத்துக்குச் செல்வதென்றும், முதியோர்க்கென ஒரு சிறு நிதியைச் சங்கக் கணக்கிலேயே ஒழுங்காக வைக்கும்படி கேட்பதென்றும் முடிவு செய்திருக்கிறேன். எவர் முகத்தையும் பாராது, எவர் முகமும் வாடாது அது வழங்கப்படல் வேண்டும்.

அம்மூதாட்டியாரை அதன்பின் யான் காணவில்லை. காசாளப் பெண்ணை மட்டும் சனிக்கிழமைதோறும் காண்கிறேன்.