பறக்கும் ரயிலின் பற்று வரவு

நம் பகுதிக்குப் புதிதாக ரயில் பாதை வருகிறது என்று செய்தி வந்ததும் கடைத்தெருவில் இரண்டு விதமாகப் பேச்சு எழும். "வியாபாரம் பெருகும்" என்பார் ஒருவர். "கடை போய்விடும்" என்பார் மற்றவர். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் அந்தப் பாதைக்கு யார் பணம் கொடுக்கிறார்கள், எந்தச் சட்டத்தின்படி கொடுக்கிறார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. அடக்க விலை தெரியாமல் வியாபாரம் செய்ய முடியாது. ஆகவே சென்னை பறக்கும் ரயிலின் கணக்கை நம் பேரேட்டு முறையிலேயே பார்ப்போம்.

யாருடைய முதல்?

கடற்கரையிலிருந்து மயிலாப்பூர் வரையிலான முதல் கட்டத்துக்கு 1980-களில் போட்ட மதிப்பீடு சுமார் 53 கோடி ரூபாய். 1995-ல் சேப்பாக்கம் வரையிலும், 1997-ல் மயிலாப்பூர் வரையிலும் ரயில் ஓடத் தொடங்கியது. அதற்குள் செலவு 260 கோடியைத் தாண்டிவிட்டது. அந்தக் கட்டத்தில் கட்டுமானச் செலவை ரயில்வே ஏற்றது. நிலத்தை மாநில அரசு கொடுத்தது.

2007-ல் வேளச்சேரி வரை முடிந்த இரண்டாம் கட்டத்தில் முறை மாறியது. மாநில அரசு 67 சதவீதம், ரயில்வே 33 சதவீதம் என்று பங்கு பிரித்தார்கள். மூன்று ரூபாய் செலவில் இரண்டு ரூபாய் மாநிலக் கருவூலத்திலிருந்து வரவேண்டும் என்று பொருள். அந்தக் கருவூலத்தின் சொந்த வருவாயில் பெரும்பகுதி வணிக வரி. வாடிக்கையாளரிடம் வாங்கி நாம் கட்டுகிற வரிதான் அது.

பயணச் சீட்டுப் பணத்தில் இந்த முதல் திரும்பி வருமா? வராது. புறநகர் ரயில் கட்டணம் ரயிலை ஓட்டும் செலவுக்கே போதவில்லை. இன்னொரு செலவு கண்ணுக்குத் தெரிவதில்லை. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 184-ஆம் பிரிவுப்படி, மத்திய அரசு தனியாக அறிவித்தாலொழிய ரயில்வே நிர்வாகம் உள்ளாட்சிக்கு வரி கட்ட வேண்டியதில்லை. நேற்று வரை சொத்து வரி கட்டிய மனை, ரயில்வே வசம் போனபின் மாநகராட்சி ஏட்டிலிருந்து விழுந்துவிடுகிறது.

வரவுப் பக்கத்தில் ஏதாவது சேர்த்திருக்கலாம். பறக்கும் ரயில் நிலையங்களைக் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் இடம் விட்டுப் பெரிதாகக் கட்டினார்கள். அந்தத் தளங்களில் பல ஆண்டுக் கணக்கில் காலியாகவே கிடந்தன. வாடகைக்கு இடம் தேடி வியாபாரிகள் அலைந்த அதே நகரத்தில்தான் இதுவும் நடந்தது.

காத்திருப்பின் வட்டி

எல்லாவற்றிலும் பெரிய செலவு தாமதம். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரை 5 கிலோமீட்டர் நீட்டிப்பை 2008-ல் தொடங்கினார்கள். மதிப்பீடு 495 கோடி ரூபாய். பெரும்பகுதித் தூரத்துக்குத் தூண்கள் எழுந்தன. ஆதம்பாக்கம் தில்லை கங்கா நகர்ப் பகுதியில் ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் மட்டும் நின்றது. நில உரிமையாளர்கள் கூடுதல் இழப்பீடு கேட்டு நீதிமன்றம் சென்றார்கள். ஆண்டுகள் ஓடின. செலவு 700 கோடியைத் தாண்டியது. 2024 முடிந்தபோதும் அந்தப் பாதையில் பயணிகள் ரயில் ஓடவில்லை.

உரிமையாளர்களைக் குறை சொல்வதற்கில்லை. இடையில் சட்டமே மாறியது. 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சந்தை மதிப்புக்கு மேல் ஆறுதல் தொகை 30 சதவீதம். 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டத்தில் அது 100 சதவீதம். நகரத்தில் ஒரு கோடி மதிப்புள்ள மனைக்குப் பழைய கணக்கில் 1 கோடியே 30 லட்சம். புதிய கணக்கில் 2 கோடி. நிலத்தை முதலிலேயே பேசி முடிக்காமல் தூண் எழுப்பியதுதான் தவறு. கிடங்கு நிறையச் சரக்கு வாங்கி அடுக்கிவிட்டு, சாவியை வேறொருவரிடம் விட்டது போன்ற நிலை. சரக்கு விற்காவிட்டாலும் வட்டி நிற்காது.

போக்குவரத்து அமைப்புகளை ஒருங்கிணைப்பதற்காக 2010-ல் இயற்றிய சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமச் சட்டத்தின் கதையும் இதுவே. அக்குழுமத்தின் முதல் கூட்டம் நடந்தது 2022-ல்.

கணக்கில் ஏறாத நட்டம்

என்னிடம் சரக்கு எடுத்துவந்த மளிகைக் கடைக்காரர் ஒருவரின் கடை முன்பாக ரயில் பணிக்குத் தடுப்பு வைத்தார்கள். கடையின் ஓர் அடி இடத்தைக்கூட எடுக்கவில்லை. ஆனால் வண்டி நிறுத்த வழியில்லை. மூட்டை இறக்க இடமில்லை. வாரம் ஒருமுறை சரக்கு எடுத்தவர் மாதம் ஒருமுறை எடுத்தார். பிறகு பாக்கி நின்றது. கேட்கப் போனபோது, "அண்ணாச்சி, கடை இருக்கு, வர்றதுக்கு வழிதான் இல்லை" என்றார். மேற்கொண்டு கேட்க எனக்கு வாய் வரவில்லை. நிலம் எடுக்கப்படாததால் இழப்பீட்டுப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. தடுப்பு அகலும் முன்பே கடையை மூடிவிட்டார்.

நாம் செய்ய வேண்டியது

வாடகைக் கடைக்காரருக்கு உரிமையே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. 2013 சட்டப்படி, கையகப்படுத்துவதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள் அந்த இடத்தை நம்பிப் பிழைத்து, அந்தப் பிழைப்பு பாதிக்கப்படும் குடும்பமும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' ஆகும். இடம்பெயர நேரும் சிறு வியாபாரிக்கு ஒருமுறை உதவித்தொகை குறைந்தது 25,000 ரூபாய் என்று அதன் இரண்டாம் அட்டவணை சொல்கிறது. தொகை சிறிதுதான். ஆனால் பட்டியலில் பெயர் ஏறினால்தான் மற்ற உரிமைகளைப் பேச முடியும்.

ஆகவே வாடகை ஒப்பந்தம், மாநகராட்சித் தொழில் உரிமம், மின் கட்டண ரசீது, ஜி.எஸ்.டி. பதிவு ஆகியவற்றை மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் கடை பெயரில் ஒழுங்காக வைத்திருங்கள். அறிவிப்பு வந்தால் அது எந்தச் சட்டத்தின் கீழ் வந்தது என்று முதலில் பாருங்கள். 2013 சட்டத்தில் ஆட்சேபம் தெரிவிக்க 60 நாள். ரயில்வே சட்டத்தின் கீழ் சிறப்புத் திட்டமாக அறிவித்திருந்தால் 30 நாள்தான்.

சங்கத்தின் மூலம் மூன்று கோரிக்கைகளை வைக்கலாம். நிலம் முழுதும் கைக்கு வந்தபின் பணி தொடங்க வேண்டும். தடுப்பு இருக்கும் காலத்துக்குக் கடைகளின் சொத்து வரியில் சலுகை வேண்டும். புதிய நிலையங்களில் உள்ள கடைகளை இடம் இழந்த வியாபாரிகளுக்கு முதலில் கொடுக்க வேண்டும்.

ரயில் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நம் கடைப் பையன்களும் வாடிக்கையாளர்களும் அதில்தான் வருகிறார்கள். ஆனால் மெட்ரோவின் இரண்டாம் கட்டம், 2024 அக்டோபரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த கணக்குப்படி, 63,246 கோடி ரூபாய். பரங்கிமலைப் பாதையில் நடந்தது இத்தனை பெரிய தொகையில் நடந்தால், அந்த வட்டியும் நம் கல்லா வழியாகத்தான் போகும். திட்டம் காகிதத்தில் இருக்கும்போதே கேள்வி கேட்பவருக்குத்தான் பதில் கிடைக்கும்.