கோபுர ஜன்னலில் சூரியன், கையில் பழைய லென்ஸ்

சைக்கிள் கேரியரில் ராக்கெட்டின் மூக்குக் கூம்பை வைத்து இருவர் உருட்டிச் செல்லும் கறுப்பு வெள்ளைப் படத்தை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். இஸ்ரோவின் பழைய கதையை எழுதும்போதெல்லாம் பத்திரிகைகள் அதைத்தான் தேடி எடுத்துப் போடுகின்றன. எங்கள் திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பாவில் 1966-இல் எடுத்த படம் அது. எடுத்தவர் ஹென்றி கார்ட்டியே-பிரெஸ்ஸான் என்ற பிரெஞ்சுக்காரர். தும்பா தேவாலயத்துக்குள் அப்துல் கலாமும் அவருடைய சக பொறியாளர் ஆராவமுதனும் ஒரு கருவியின் மேல் குனிந்து வேலை செய்யும் படமும் அவருடையதுதான். 1950 ஏப்ரலில், ரமண மகரிஷியின் கடைசி நாள்களில் திருவண்ணாமலையில் இருந்து படம் எடுத்தவரும் இவரே. வாழ்நாளின் பெரும்பகுதி அவர் நம்பியது ஒரு லைக்கா கேமராவையும் ஒரு 50 மி.மீ. லென்ஸையும்.

அந்த மாதிரிக் கேமரா ஆசை எங்களுக்கும் உண்டு. எனக்குச் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் கடைக்குப் போக மாட்டேன். தம்பானூரில் லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸில் நண்பர்கள் காத்திருப்பார்கள். ஒருவர் கல்லூரி ஆசிரியர், ஒருவர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், இரண்டு மூன்று இளைஞர்கள். எல்லோர் பையிலும் லைக்கா மாதிரியான ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவோ அதற்கான பழைய லென்ஸோ இருக்கும். எடுத்த படங்களை மேஜையில் பரப்பி, எந்த லென்ஸ் என்ன செய்திருக்கிறது என்று பேசுவதுதான் எங்கள் வேலை.

ரேஞ்ச்ஃபைண்டரில் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. மேலே தனியாக ஒரு ஜன்னல் இருக்கிறது. பக்கத்தில் இன்னொரு சின்ன ஜன்னல். இரண்டிலும் வரும் உருவங்கள் நடுவில் ஒரு சிறு கட்டத்தில் இரட்டையாகத் தெரியும். லென்ஸைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி ஒன்றாகச் சேரும். சேர்ந்தால் ஃபோகஸ் சரி. இந்த இணைப்போடு லைக்காவும் கான்டாக்ஸும் 1932-இல் வந்தன. 1959-இல் நிக்கான் எஃப் வந்த பிறகு, உள்ளே ஒரு கண்ணாடி வைத்து லென்ஸ் வழியாகவே பார்க்கும் எஸ்.எல்.ஆர். கேமராக்கள் சந்தையைப் பிடித்துக்கொண்டன. ஆனால் ரேஞ்ச்ஃபைண்டருக்கு ஒரு வசதி உண்டு. உள்ளே அப்படி மேலும் கீழும் ஆடும் கண்ணாடி இல்லாததால் லென்ஸை ஃபிலிமுக்கு மிக அருகில் வைக்கலாம். லென்ஸும் கேமராவும் சின்னதாக இருக்கும், சத்தமும் குறைவு. ரமணரின் சந்நிதியில் அது எவ்வளவு உதவியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எங்களிடம் ஒப்பிட வசதியாக மூன்று 50 மி.மீ. லென்ஸ்கள் இருக்கின்றன. முதலாவது, வங்கி நண்பரின் தாத்தா மலேயாவில் இருந்து கொண்டுவந்த லைக்கா எல்மார், போருக்கு முந்தையது. குழாயை முன்னால் இழுத்துத் திருகிப் பூட்டினால்தான் படம் விழும். வெளிச்சம் புகும் துளையான அபர்ச்சரை மாற்ற முன்கண்ணாடியைச் சுற்றி இருக்கும் குட்டிக் குமிழை நகத்தால் தள்ள வேண்டும். இரண்டாவது ஆசிரியரின் லைக்கா சம்மிக்ரான், 1950-களில் வந்தது. மூன்றாவது என் ஜூபிடர்-8, சோவியத் தயாரிப்பு. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இழப்பீடாக ஜெர்மனியின் ஸைஸ் ஆலை இயந்திரங்கள் சோவியத் நாட்டுக்குப் போயின. லுட்விக் பெர்ட்டலே வடிவமைத்த ஸோனார் லென்ஸ் அங்கே ஜூபிடர் என்ற பெயரில் மறுபிறவி எடுத்தது. லைக்கா விலையை நினைத்துக்கூடப் பார்க்க முடியாதவர்களுக்கு அது வரம். பழைய திருகு மரை கேமராவுக்கும் பிந்தைய எம் வகை கேமராவுக்கும், லென்ஸ் மாட்டும் இடத்திலிருந்து ஃபிலிம் வரையுள்ள தூரத்தில் வித்தியாசம் சரியாக 1 மி.மீ. அந்தக் கனமுள்ள ஒரு வளையத்தைப் போட்டால் மூன்றையும் ஒரே கேமராவில் மாட்டலாம்.

காபி ஹவுஸ் எங்களுக்கு நல்ல சோதனைக்கூடம். சுருள் சுருளாக மேலே ஏறும் சரிவு, சுவர் முழுக்கச் செங்கல் இடைவெளிகள். ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரு துண்டு வெயில். விசிறித் தலைப்பாகையோடு காபி கொண்டுவருபவர் ஒரு நொடி வெளிச்சத்தில் இருப்பார், அடுத்த நொடி நிழலில். ஒரே ஃபிலிம், ஒரே இடம், லென்ஸ் மட்டும் மாறும். பிரிண்ட்டின் பின்பக்கம் பென்சிலால் லென்ஸின் பெயரை எழுதிக் கவிழ்த்து வைப்போம். “அண்ணாச்சி, இது உங்க ஜூபிடர்தான்” என்று ஆசிரியர் அடித்துச் சொல்வார். திருப்பினால் சில நேரம் சம்மிக்ரானாக இருக்கும். அபர்ச்சரை எட்டுக்குக் குறைத்துவிட்டால் அஞ்சலட்டை அளவுப் பிரிண்ட்டில் யாராலும் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. முழுதாகத் திறந்து வைக்கும்போதும் வெளிச்சத்துக்கு எதிரே திரும்பும்போதும்தான் ஒவ்வொரு லென்ஸும் தன் குணத்தைக் காட்டுகிறது.

வெளிச்சத்துக்கு எதிரே என்றால் எங்கள் ஊரில் அதற்கென்றே நாள் இருக்கிறது. பகலும் இரவும் சமமாக வரும் மார்ச், செப்டம்பர் நாள்களில், மறையும் சூரியன் பத்மநாபசுவாமி கோயிலின் ஏழு நிலைக் கோபுர வாசல்களில் ஒன்றன்பின் ஒன்றாக மேலிருந்து கீழே இறங்கி வரும். கிழக்கே கோட்டையில் கூட்டம் கூடிவிடும். ஒரு தடவை சம்மிக்ரானையும் எல்மாரையும் மாற்றி மாற்றிப் போட்டு எடுத்தோம். சம்மிக்ரானில் கோபுரம் கரிக்கட்டையாகக் கறுத்து, நடுவில் சூரியன் கூர்மையாக இருந்தது. எல்மாரில் படம் முழுக்க மெல்லிய சாம்பல் திரை.

காரணம் கண்ணாடியின் மேற்பூச்சு. பூச்சு இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு நான்கைந்து பங்கைத் திருப்பி அனுப்பும். எல்மாரில் அப்படி ஆறு பரப்புகள். திரும்பிய வெளிச்சம் உள்ளேயே அலைந்து படத்தின் மேல் படியும். ஸைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மகுலா 1935-இல் கண்டுபிடித்த பூச்சு இதைக் குறைத்தது. ஆனால் எல்மார் பிரிண்ட்டை லூப் என்ற உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தபோது, நிழலில் கிடந்த கோபுரச் சிற்பங்களின் தோளும் முகமும் மங்கலாகத் தெரிந்தன. அலைந்த வெளிச்சமே இருட்டைக் கொஞ்சம் தூக்கிவிட்டிருந்தது. எனக்கு அந்தப் படம்தான் பிடித்தது. இந்த ஊரின் ஈரக்காற்றில், அந்தி நேரத்தில் கோபுரம் என் கண்ணுக்குத் தெரிவது அப்படித்தான்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கேமராக்களில் பெரும்பாலும் ஷட்டர் துணியால் ஆனது. உச்சி வெயிலில் மூடியில்லாத லென்ஸை வானத்தைப் பார்க்க வைத்தால் துணியில் ஓட்டை விழும்.

வெயிலைவிடப் பெரிய எதிரி ஈரம். இடவப்பாதி என்ற தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் துலாவர்ஷம் என்ற வடகிழக்குப் பருவமழை முடியும்வரை இங்கே துணியே சரியாகக் காயாது. தோல் உறையில் போட்டு அலமாரியில் பூட்டிய லென்ஸுக்குள் ஃபங்கஸ் நூல்நூலாகப் படரும். அது கக்கும் அமிலம் பூச்சை அரித்து, கண்ணாடியையும் பிடிக்கும். பிறகு துடைத்தாலும் தடம் போகாது. கேரளத்தில் நல்ல லென்ஸ்கள் வீணாவது பெரும்பாலும் இப்படித்தான். வாரம் ஒரு முறை வெளிச்சத்துக்கு வரும் லென்ஸுக்கு இந்தக் கதி அநேகமாக வருவதில்லை. எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஒப்பீடுகளால் கிடைத்த மிகப் பெரிய நன்மை இதுதான் என்று நினைக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் தாத்தாவின் கேமரா ஒன்று எங்காவது இருக்கலாம். இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். லென்ஸைக் கழற்றி, அபர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கம் டார்ச் அடித்து, முன்பக்கமாக உள்ளே பாருங்கள். சிலந்தி வலை மாதிரி நூல் தெரிந்தால் தாமதிக்காமல் லென்ஸ் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். தெரியாவிட்டால் தோல் உறையைத் தனியே வைத்துவிட்டு, லென்ஸைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். அதற்கு முன் ஒரு ரோல் ஃபிலிம் வாங்கிப் போட்டு, உங்கள் ஊரை எடுங்கள்.