எண்ணெய் அமுக்க எச்சரிக்கை விளக்கும் அதன் சுற்றும்

மோட்டார் வண்டியின் எஞ்சினுள்ளே உலோகத்தோடு உலோகம் நேரே உராயாவண்ணம் காப்பது எண்ணெய்ப் படலமாகும். எண்ணெய்ப் பம்பி உண்டாக்கும் அமுக்கமே அப்படலத்தை நிலைநிறுத்துகின்றது. அமுக்கம் அற்றுப்போயின், சுழல்தண்டைத் தாங்கும் போதிகைகள் சிறிது நேரத்திற் சிதைந்துவிடும். இக்கேட்டினை ஓட்டுநருக்கு உணர்த்தவே முகப்பில் ஒரு சிறு செவ்விளக்கு வைக்கப்படுகின்றது.

அதன் மின்சுற்று எளியது. பற்றரியிலிருந்து புறப்படும் மின்னோட்டம் திறப்பினால் இயங்கும் ஆளியைக் கடந்து மின்குமிழை அடைகின்றது; அங்கிருந்து ஒற்றைக் கம்பி வழியாக எஞ்சினிற் பொருத்தப்பட்ட அமுக்க ஆளிக்குச் செல்கின்றது. அமுக்கம் இல்லாதபோது அவ்வாளி மூடியிருக்கும். மின்னோட்டம் எஞ்சினின் உலோக உடல் வழியே பற்றரிக்கு மீள, விளக்கு எரியும். எஞ்சின் இயங்கியதும் எண்ணெய் ஆளியினுள் உள்ள மென்றகட்டைத் தள்ளித் தொடுகையைப் பிரிக்க, விளக்கு அணையும்.

ஆகவே, எஞ்சினை இயக்குமுன் திறப்பைத் திருப்பியதும் விளக்கு எரிதல் வேண்டும். எரியாவிடின், அமுக்க ஆளியிலிருந்து கம்பியைக் கழற்றி எஞ்சினின் தூய உலோகப் பகுதியில் தொடுவித்துப் பார்க்கலாம். அப்பொழுது விளக்கு எரியுமாயின் பழுது ஆளியில் உள்ளது. எரியாதாயின் மின்குமிழ், உருகி, கம்பி என்பவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்தல் வேண்டும்.

எஞ்சின் ஓடும்போது விளக்கு எரியின் செய்யவேண்டியது வேறு. முதலில் எஞ்சினை உடனே நிறுத்தி, அளவுகோலினால் எண்ணெயின் மட்டத்தைப் பார்த்தல் வேண்டும். மட்டம் சரியாயின், எஞ்சினை இயக்காது திறப்பை மட்டும் திருப்பி, ஆளியின் கம்பியைக் கழற்றுக. பின்னும் விளக்கு எரியுமாயின், கம்பி எங்கோ தோலுரிந்து உலோகத்தைத் தொடுகின்றது. அணையுமாயின் கம்பியிற் குற்றமில்லை. ஆளி பழுதாயிருக்கலாம், அன்றி அமுக்கமே குறைந்திருக்கலாம். இவ்விரண்டையும் ஊகத்தினாற் பிரித்தறிதல் இயலாது. ஆளியை அகற்றி, அவ்விடத்தில் அமுக்கமானியைப் பொருத்தி அளத்தலே வழி. அளக்குமுன் ஆளியைக் குறை கூறி வண்டியை ஓட்டுவோர் எஞ்சினையே இழக்க நேரும்.

மற்றோர் உண்மையும் கருதத்தக்கது. 1956 இல் வெளிவந்த மொறிஸ் மைனர் 1000 வண்டியில், ஓடும்போது இருக்கவேண்டிய அமுக்கம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 60 இறாத்தல். இத்தகைய ஆளிகளோ பொதுவாக அமுக்கம் 4 முதல் 7 இறாத்தல் அளவுக்கு வீழ்ந்த பின்னரே மூடுகின்றன. இடைப்பட்ட வீழ்ச்சி முழுவதையும் விளக்கு கூறாது. எனவே விளக்கு அணைந்திருத்தல் நலத்துக்குச் சான்றாகாது. கேடு எல்லை கடக்கவில்லை என்பதே அதன் பொருள்.

இக்கால வண்டிகள் பலவற்றில் விளக்கை இயக்குவது கணினிக் கட்டுப்பாட்டகமாகும். அவற்றிற் கம்பியை உலோகத்தில் தொடுவிக்கும் சோதனையைத் தயாரிப்பாளரின் கைந்நூலைப் பாராது செய்தல் தகாது. ஆயினும் இருவகை வண்டிக்கும் விதி ஒன்றே: எச்சரிக்கை பொய்யென அளவையால் நிறுவப்படும்வரை அதனை மெய்யெனவே கொள்ளல் வேண்டும். விளக்கின் பழுதைத் திருத்தச் செல்வது சிறு செலவே. எஞ்சினைப் புதுக்குவதோ பெருஞ்செலவாகும்.