எஞ்சின் நின்றாலும் தண்டு நிற்காது!

புதுவை படகுக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஆபத்து

நடுக்கடலில் ஒரு எஞ்சின் படுத்துவிட்டது. இரட்டை எஞ்சின் படகு என்பதால் பயமில்லை. இன்னொன்றை வைத்துக் கரை சேரலாம். ஆனால், படுத்த எஞ்சினுக்குப் பின்னால் பலகையைத் தூக்கிப் பாருங்கள். புரொப்பெல்லர் தண்டு தானாகச் சுற்றிக்கொண்டிருக்கும்!

படகு ஓட ஓட, தண்ணீர் விசிறியைத் தள்ளுகிறது. விசிறி தண்டையும், தண்டு கியர் பாக்சையும் சுற்றுகின்றன. "எஞ்சின்தான் நின்னு போச்சே, சுத்தினா சுத்திட்டுப் போவட்டும்" என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. வம்பே அங்கேதான்.

பல கியர் பாக்சுகளில் ஆயில் பம்பு, எஞ்சின் ஓடினால்தான் ஓடும். எஞ்சின் நின்றால் பேரிங்குகளுக்கு ஆயில் போகாது. காய்ந்தபடியே சுற்றிச் சூடேறிக் கருகும். எஞ்சின் ரிப்பேரோடு கியர் பாக்ஸ் செலவும் தலையில் விழும்.

பிரேக்டவுன் லாரியை இழுத்துப் போகும்போது, அடியில் உள்ள ஷாப்ட்டைக் கழற்றிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கும் காரணம் இதுதான்.

ஒற்றை எஞ்சினுக்கும் உண்டு

தேங்காய்த்திட்டு துறைமுகத்து விசைப்படகுகளுக்குப் பெரும்பாலும் ஒரே எஞ்சின்தான். அது நின்றுபோய், இன்னொரு படகு மணிக்கணக்கில் கயிறு கட்டி இழுத்து வந்தால் இதே கதைதான். வெளியே எஞ்சின் மாட்டிய பைபர் படகுக்குக் கவலையில்லை. எஞ்சினைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிட்டால் போதும்.

எல்லாக் கியர் பாக்சுக்கும் ஆபத்து என்று சொல்ல முடியாது. சிலவற்றைச் சுற்ற விடலாம் என்று கம்பெனிப் புத்தகத்திலேயே போட்டிருக்கும். அதைப் பார்ப்பதுதான் முதல் வேலை. (எத்தனை பேர் பத்திரமாக வைத்திருக்கிறார்களோ!)

கியர் போட்டால் போதாதா?

போதாது. ஆயில் அழுத்தத்தில் பிடிக்கும் கிளச்சு, எஞ்சின் ஓடாதபோது பிடிக்காது. தண்டைக் கட்டத்தான் வேண்டும்.

முதலில் படகை நிறுத்த வேண்டும். ஓடுகிற படகில் தண்டுக்குப் பக்கத்தில் கை போகவே கூடாது. லுங்கி நுனியோ கயிறோ மாட்டினால் ஆளையே இழுத்துவிடும்.

தண்டு நின்ற பிறகு, பெரிய பைப் ரெஞ்சைப் போட்டு, தண்டு சுற்றும் பக்கத்தில் உள்ள கட்டையில் கைப்பிடி முட்டும்படி வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டலாம். தண்ணீர் வராமல் தடுக்கும் கிளாண்டுப் பகுதியில் ரெஞ்சின் பல் படக்கூடாது. தண்டு கீறினால் அந்த வழியே தண்ணீர் ஏறும்.

அதைவிட நல்லது, தண்டையும் கியர் பாக்சையும் இணைக்கும் கப்ளிங் போல்ட்டில் மாட்ட ஒரு இரும்புப் பட்டையை முன்கூட்டியே செய்து வைப்பது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையில்தானே நிற்கிறது!

முகத்துவாரத்தில் உஷார்

கட்டியாயிற்று. மெதுவாக வருகிறீர்கள். ஒரு எஞ்சினில் ஓடும் படகு ஒரு பக்கமாகவே இழுக்கும். சுக்கானைத் திருப்பிப் பிடித்தே வரவேண்டும். துறைமுக முகத்துவாரத்திலோ மணல் அடைப்பு. அலை வேறு தூக்குகிறது. "இன்னொரு தரம் ஸ்டார்ட் பண்ணிப் பாப்போம்" என்று டிரைவருக்குத் தோன்றும். எஞ்சினும் பிடித்துக்கொள்ளும். ரெஞ்ச் மாட்டியிருப்பதை மறந்து கியரைத் தள்ளினால், அது பறந்து வந்து படகின் அடியையே உடைக்கும். பக்கத்தில் ஆள் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

அதனால் தண்டைக் கட்டிய கையோடு, அந்த எஞ்சின் சாவியை எடுத்து ரெஞ்சிலேயே கட்டிவிடுங்கள்.