தென்னமெரிக்கத் தேரைப் பூச்சிகள்: அரிய சிற்றினங்களை இனங்காணலும் பரவலை வரையறுத்தலும்

ஆய்வுச் சுருக்கம்

ஜெலாஸ்டோகோரிடே குடும்பத்தைச் சார்ந்த தேரைப் பூச்சிகளுள் தென்னமெரிக்கச் சிற்றினங்கள் சில மிகக் குறைந்த மாதிரிகளைக் கொண்டே அறியப்பட்டுள்ளன. இவற்றை இனங்காண உதவும் புறவமைப்புக் கூறுகளையும், பரவலை வரையறுப்பதில் எழும் இடர்ப்பாடுகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தேரைப் பூச்சி, ஜெலாஸ்டோகோரிஸ், நெர்த்ரா, சிலி, வகைப்பாட்டியல்.

முன்னுரை

அகன்று தட்டையான உடல், புடைத்த கண்கள், தத்திச் செல்லும் இயல்பு ஆகியவற்றால் இப்பூச்சிகள் தேரையின் பெயரைப் பெற்றன. நீர்வாழ் மூட்டுப்பூச்சிகளோடு உறவுடையவையாயினும் இவை பெரும்பாலும் நீர்க்கரைகளிலேயே வாழ்கின்றன. பருத்த முன்கால்களால் சிறு பூச்சிகளைப் பற்றி உண்கின்றன. இன்று வாழும் சிற்றினங்கள் 100-க்கும் மேற்பட்டவை. அவை ஜெலாஸ்டோகோரிஸ், நெர்த்ரா என்னும் இரு பேரினங்களுள் அடங்கும். முன்னது அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியது. பின்னது இந்தியா உள்ளிட்ட ஆசியப் பகுதிகளிலும் ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா ஆகியவற்றிலும் காணப்படுகிறது.

பேரினங்களை வேறுபடுத்தல்

ஜெலாஸ்டோகோரிஸில் முன்காலின் பாதக்கணு கீழ்க்காலோடு மூட்டால் இணைந்து இரு உகிர்களைத் தாங்குகிறது. நெர்த்ராவில் அக்கணு கீழ்க்காலோடு ஒன்றிவிட, ஓர் உகிர் மட்டுமே எஞ்சுகிறது. முன்னதன் உறிஞ்சுகுழல் தடித்தும், பின்னதன் குழல் மெலிந்தும் தோன்றும்.

சிற்றினத்தை உறுதிசெய்தல்

பேரினத்தை அறிவது எளிது; சிற்றினத்தை அறிவது அரிது. நிறம் நம்பத்தக்க சான்றன்று. வாழிடத்தின் மணலுக்கும் சேற்றுக்கும் ஏற்ப ஒரே சிற்றினத்துள்ளும் நிறம் பெரிதும் மாறுபடும். ஆகவே, 1955-இல் இக்குடும்பத்தை முழுமையாக மறுஆய்வு செய்த எட்வர்ட் டாட், ஆண்பூச்சியின் இனப்பெருக்க உறுப்புகளுக்கு, குறிப்பாகப் பற்றுறுப்பின் வடிவத்திற்கு, முதன்மை அளித்தார். இதன் விளைவாக, பெண்பூச்சியோ இளம்பூச்சியோ மட்டும் கிடைக்கும் இடங்களில் பெயரிடல் ஐயத்திற்குரியதாகிறது. அத்தகைய பதிவு ஒன்று வரைபடத்தில் இடம்பெற்றுவிட்டால், அரிய சிற்றினத்தின் எல்லை உண்மைக்கு மாறாக விரிந்துவிடும்.

பரவலை வரையறுத்தல்: சிலியின் சான்று

சிலியிலிருந்து நெர்த்ரா பிரேசிப்புவா என்னும் சிற்றினத்தை டாட் 1957-இல் விவரித்தார். இலத்தீன் மொழியில் அப்பெயர் ‘தனிச்சிறப்புடையது’ எனப் பொருள்படும். வடக்கே அட்டகாமா பாலைவனமும் கிழக்கே ஆண்டிஸ் மலைத்தொடரும் சூழ்ந்த சிலியின் விலங்கினம் பெரிதும் தனித்து வளர்ந்தது. நெர்த்ராவின் சில சிற்றினங்களில் முன்சிறகுகள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால் அவற்றால் பறக்க இயலாது. இத்தகைய பூச்சிகளுக்கு மலையும் பாலையும் கடத்தற்கரிய தடைகளாகும்.

எனினும், அருமை என்பது இருவேறு காரணங்களால் தோன்றலாம்: பூச்சியின் தொகை உண்மையிலேயே குறைந்திருக்கலாம், அல்லது தேடிய இடம் தவறாக இருக்கலாம். நெர்த்ரா சிற்றினங்கள் பல சேற்றுள் புதைந்தும் கற்களுக்கு அடியில் மறைந்தும் வாழ்கின்றன. சில நீரிலிருந்து விலகியும் காணப்படுகின்றன. நீர்நிலைகளில் வலைவீசித் திரட்டும் வழக்கமான முறை இவற்றைத் தவறவிடும். இலைச்சருகைச் சலித்தலும் குழிப்பொறி அமைத்தலும் உடன் மேற்கொள்ளப்பட வேண்டும்.

நூற்பதிவுகளைத் திரட்டுவோர் பெயர் மாற்றங்களையும் கருத்தில் கொள்ளல் வேண்டும். அமெரிக்க நெர்த்ரா சிற்றினங்கள் பல முற்காலத்தில் மோனோனிக்ஸ் என்னும் பேரினப் பெயரால் வழங்கப்பட்டன. இதனை அறியாதார் ஒரே பூச்சியின் பதிவுகளை இருவேறு பூச்சிகளுடையனவாகக் கணக்கிட நேரும்.

முடிவுரை

ஆண் மாதிரியால் உறுதிசெய்யப்பட்டவை, பெண் அல்லது இளம்பூச்சியை மட்டும் கொண்டவை, நூல்வழி மட்டும் அறியப்பட்டவை எனப் பதிவுகளை மூவகையாகப் பிரித்து வரைபடத்தில் தனித்தனிக் குறியீடுகளால் காட்டுதல் தக்கது. ஒரு சிற்றினம் அழிவின் விளிம்பில் உள்ளதா, நம் தேடலுக்குத் தப்பியதா என்னும் வினாவிற்கு அத்தகைய வரைபடத்தைக் கொண்டே விடை காணத் தொடங்க இயலும்.